பாட்டுக்காரர்களை எப்படி நினைவில் வைப்பது?

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள், இளைஞர் பிரதிநிதிகள் கலந்துகொண்ட கல்வி வகுப்பில், சங்கத்தின் கல்விப் பிரிவு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை. வந்திருந்தவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



வழக்கமாக இந்த வகுப்பில் சம்பளக் கணக்கு பார்ப்போம். ஊழியர் சேமலாப நிதி, மேலதிகக் கொழுந்துக்குரிய காசு, அரைப்பேர் போட்டால் எங்கே முறையிடுவது என்பதெல்லாம் பேசுவோம். இன்று பாட்டுக்காரர்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்ததும், "அதுக்கும் சங்கத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று ஒரு தோட்டத் தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலை ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 செப்டெம்பர் 25ஆம் திகதி காலமானார். கொரோனா காலம். நாலு பேர் கூடி நிற்கவே பயந்த நேரம். ஆனாலும் நம் லயங்களில் காம்பராவுக்குக் காம்பரா அவர் பாட்டுத்தான் ஓடியது. நேரில் பார்த்தே இராத ஒரு மனிதருக்காக நம் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போனில் எல்லோரும் அவர் படத்தைப் போட்டார்கள். அடுத்த சம்பள நாள் வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு மனம் விட்டு அழவும் ஒரு பாட்டு வேண்டியிருக்கிறது.

ஆனால் இன்னொரு வகைப் பாட்டுக்காரர்களும் இருந்தார்கள். தொழிலாளியின் பாட்டைப் பாடியதாலேயே கொல்லப்பட்டவர்கள். அவர்களை நினைவில் வைத்திருப்பது சும்மா நடந்துவிடவில்லை. யாரோ ஒருவர் உயிரைப் பணயம் வைத்து அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. இன்று இரண்டு வெளிநாட்டுக்காரர்களைப் பற்றியும், கடைசியில் நம் மலையகத்துப் பாடகி ஒருவரைப் பற்றியும் சொல்கிறோம்.

முதலாமவர் விக்தர் ஹாரா. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஜாரா' என்று சிலர் எழுதுவார்கள். அவர் நாட்டு மக்கள் 'ஹாரா' என்றுதான் சொல்கிறார்கள். நாடு சிலி. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக ஒரு நாடாவைப்போல நீண்டு கிடக்கும் தேசம்.

1932 செப்டெம்பர் 28ஆம் திகதி பிறந்தார். தகப்பன் மனுவேல் ஒரு பண்ணைக் கூலி. அந்தக் காலத்துச் சிலியில் பண்ணைகள் எப்படி நடந்தன என்றால், பெரிய முதலாளியின் நிலத்தில் ஒரு குடிசையில் குடியிருக்கலாம். சின்னத் துண்டு ஒன்றில் பயிர் செய்துகொள்ளலாம். அதற்குப் பதிலாகக் குடும்பமே பண்ணையில் உழைக்க வேண்டும். வேலை போனால் குடிசையும் போகும். இதற்கு மேல் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

தகப்பன் குடிகாரர். குடும்பத்தைத் தாங்கியது தாய் அமந்தா. அந்த அம்மா கிட்டார் வாசிப்பார், பாடுவார். ஊரில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சிலியின் கிராமங்களில் கைக்குழந்தை இறந்துவிட்டால், அதைத் தேவதைபோல உடுத்தி உட்காரவைத்து, விடியும்வரை பாடுகிற வழக்கம் இருந்தது. அந்தச் சாவு வீடுகளுக்குத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போன சிறுவன்தான் விக்தர். நம் அப்பாயிமார் சாவு வீட்டில் ஒப்பாரி சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள் இங்கேயும் இருக்கிறீர்கள். அவர் சங்கீதம் படித்த பள்ளிக்கூடம் அதுதான்.

பிறகு குடும்பம் தலைநகர் சந்தியாகோவுக்கு வந்தது. சந்தையில் சாப்பாட்டுக் கடை போட்டுத் தாய் பிள்ளைகளைக் காப்பாற்றினார். 1950இல் அவரும் போய்விட்டார். பையன் பாதிரியாராகலாம் என்று குருமடத்தில் சேர்ந்தான், இரண்டு வருடத்தில் வெளியே வந்தான். கட்டாய இராணுவ சேவையும் செய்தான். பிற்காலத்தில் அதே இராணுவம்தான் அவரைக் கொன்றது. அதன் பின் சிலிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்து நல்ல நாடக இயக்குநர் என்று பெயரெடுத்தார். பாட்டுக்கு முழு நேரமாக வந்தது பிற்பாடுதான்.

அவரைப் பாட்டுப் பக்கம் தள்ளியவர்களில் முக்கியமானவர் வியொலெத்தா பார்ரா என்ற பெண். கிட்டாரும் நோட்டுப் புத்தகமுமாகக் கிராமம் கிராமமாகப் போய், கிழவன் கிழவிகளிடம் உட்கார்ந்து பழைய பாட்டுகளை எழுதி எடுத்தவர். வாழ்க்கைக்கு நன்றி சொல்லும் அவருடைய பாட்டு ஒன்று உலகம் முழுவதும் பாடப்படுகிறது. அதைத் தந்த கொஞ்ச காலத்திலேயே, 1967 பெப்ரவரி 5ஆம் திகதி, 49ஆவது வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். காரணம் இது, காரணம் அது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதற்குள் நாங்கள் போகவில்லை. நம் லயங்களில் அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாவை அழகாக்கிப் பேச எங்களுக்கு வாய் வராது. அவர் சேர்த்துவைத்த பாட்டுகள் மட்டும் மிஞ்சின. அடுத்து வந்த பிள்ளைகள் அதிலிருந்துதான் தொடங்கினார்கள்.

விக்தர் என்ன பாடினார்? பண்ணைக் கூலியை எழுந்து நின்று தன் கையைப் பார்க்கச் சொல்லும் ஒரு பாட்டு. 1969இல் நடந்த முதலாவது புதிய சிலிப் பாட்டு விழாவில் அதற்கு முதற் பரிசு கிடைத்தது. பரிசு வாங்கிய இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 'சிலி விளையாட்டரங்கு' என்ற உள்ளரங்கம் அது. அதே இடத்துக்குத் திரும்ப வருவோம்.

அதே 1969 மார்ச் மாதம் புவேர்த்தோ மொன்த் என்ற ஊரில், வீடில்லாத குடும்பங்கள் வெறும் நிலத்தில் குடிசை போட்டார்கள். பொலிஸ் சுட்டது. செத்தவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. விக்தர் உடனே ஒரு பாட்டுக் கட்டினார். பொறுப்பான அமைச்சரின் பெயரைப் பாட்டுக்குள்ளேயே சொல்லிக் கேள்வி கேட்டார். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் அதைப் பாடியபோது கல்லெறி விழுந்தது. நம் கூட்டங்களில் "மேலிடத்தில் உள்ளவர்கள்" என்று பூடகமாகப் பேசிப் பழகிவிட்டோம். அவர் பெயரைச் சொன்னார்.

1970இல் சல்வதோர் அயெந்தே ஜனாதிபதியானார். இடதுசாரி ஆட்சி. செம்புச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின, பெரிய பண்ணைகள் பிரிக்கப்பட்டன. முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 1972 ஒக்டோபரில் லொறி முதலாளிகள் வண்டிகளை நிறுத்தி நாட்டைப் பட்டினி போடப் பார்த்தார்கள். அப்போது மாணவர்களும் தொழிலாளர்களும் தாங்களாக முன்வந்து மூட்டை இறக்கினார்கள். அந்த வரிசையில் விக்தரும் நின்றார்.

1973 செப்டெம்பர் 11. ஜெனரல் பினோசே தலைமையில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜனாதிபதி மாளிகை மீது விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். அயெந்தே அங்கேயே உயிர் விட்டார். விக்தர் அன்று காலை தான் வேலை செய்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். ஊரடங்கு போட்டுவிட்டார்கள். அங்கே மாட்டிக்கொண்ட மாணவர்கள், ஆசிரியர்களோடு இரவைக் கழித்தார். மனைவி ஜோனுக்குப் போன் செய்து பேசினார். மறுநாள் இராணுவம் பீரங்கியோடு உள்ளே நுழைந்து எல்லோரையும் கைது செய்து ஓர் இடத்துக்கு ஏற்றிப் போனது. எந்த இடம்? அதே சிலி விளையாட்டரங்கு. நாலு வருடத்துக்கு முன் கைதட்டல் வாங்கிய இடத்தில், ஆயிரக்கணக்கான கைதிகளில் ஒருவராக நுழைந்தார்.

ஓர் அதிகாரி அவரை அடையாளம் கண்டு தனியே பிரித்தெடுத்தான். அடித்தார்கள், உதைத்தார்கள், கிட்டார் வாசித்த கையைத் துப்பாக்கிக் கட்டையால் நொறுக்கினார்கள். இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவருடைய கையைக் கோடரியால் வெட்டினார்கள், அந்த நிலையிலும் அவர் எழுந்து பாடினார் என்று ஒரு கதை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. மேடையில் சொன்னால் கூட்டம் உறைந்துபோகும். ஆனால் அது நடக்கவில்லை. உடலைப் பார்த்த மனைவியே கைகள் உடைந்து தொங்கின என்றுதான் சொன்னார், வெட்டப்பட்டதாகச் சொல்லவில்லை. உண்மையில் நடந்ததே போதுமான கொடுமை. அதைப் பெரிதாக்கினால், ஒரு நாள் எதிராளி அந்தப் பொய்யை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சம் எல்லாவற்றையும் பொய் என்பான். சங்கத்தில் முறைப்பாடு எழுதுகிற உங்களுக்கு இது தெரியும். வெட்டிய கொழுந்து 4 கிலோ என்றால் 4 என்று எழுதுங்கள், 6 என்று எழுதாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்!

அந்த அரங்கில் இருந்தபடியே ஒரு துண்டுத் தாளில் கடைசியாகச் சில வரிகள் எழுதினார். கூட இருந்தவர்கள் அதை நகல் எடுத்து, வெளியே போக முடிந்தவர்கள் வழியாகக் கடத்தினார்கள். பிடிபட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் செய்தார்கள்.

ஒரு சில நாட்களில் சுட்டுக் கொன்றார்கள். உடலில் 44 குண்டு பாய்ந்திருந்ததாகப் பிற்காலத்தில் பதிவானது. வேறு சில உடல்களோடு சேர்த்து ஒரு மயானத்தின் அருகே வீசிவிட்டுப் போனார்கள். அங்கிருந்து பெயரில்லாத பிணமாகச் சவச்சாலைக்கு வந்தது.

இங்கேதான் எங்கள் பேச்சின் முக்கியமான ஆள் வருகிறார். பாடகர் அல்ல, தலைவர் அல்ல. ஹெக்டர் ஹெரேரா என்ற ஓர் இளைஞர். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் வேலை. நம் பாஷையில் ஓர் இலிகிதர். குவிந்து கிடந்த பிணங்களின் கைரேகை எடுக்க அவரைச் சவச்சாலைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் குவியலில் ஒரு முகத்தைப் பார்த்ததும் அவருக்கு யார் என்று விளங்கிவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். மாதச் சம்பளக்காரர், தெருவெல்லாம் சிப்பாய்கள். ஆனால் அவர் முகவரியைத் தேடிப் பிடித்து, செப்டெம்பர் 18ஆம் திகதி ஜோனின் வீட்டுக் கதவைத் தட்டினார். அன்று சிலியின் சுதந்திர தினம். இருவரும் சவச்சாலைக்குப் போய் உடலை எடுத்து, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு, பொது மயானத்தின் சுவர்க் குழி ஒன்றில் அடக்கம் செய்தார்கள். மேளம் இல்லை, பாட்டு இல்லை.

அந்த இலிகிதர் வாயை மூடிக்கொண்டிருந்தால் விக்தர் ஹாரா காணாமற்போனவர் பட்டியலில் ஒரு பெயராகப் போயிருப்பார். சிலியில் அப்படி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. காணாமற்போனவர் என்றால் என்ன, அந்தத் தாய்மார் படும் பாடு என்ன என்பதை இந்த நாட்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜோன் லண்டனில் பிறந்தவர், நடன ஆசிரியை. ஒரு மாதத்துக்குள் இரண்டு பெண் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சிலியை விட்டு வெளியேறினார். கையோடு கணவரின் ஒலிநாடாக்களையும் எடுத்துப் போனார். நல்ல வேளை. ஆட்சியாளர்கள் அவருடைய இசைத்தட்டுகளைத் தடை செய்தார்கள், மூலப் பதிவுகளை அழித்தார்கள். ஜோன் கொண்டுபோனது வெளிநாட்டில் இசைத்தட்டாக வந்தது. பல நாடுகளின் தொழிற்சங்க மண்டபங்களில் ஏறி நடந்ததைச் சொன்னார். பிறகு சிலிக்கே திரும்பிப் போய் வழக்காடினார்.

எத்தனை காலம் பிடித்தது என்று கேளுங்கள். 2009இல் உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். அந்த வருடம் டிசம்பர் 5ஆம் திகதி மறுபடி அடக்கம் செய்தபோது ஆயிரக்கணக்கான மக்கள் ஊர்வலமாக வந்தார்கள். முதல் அடக்கத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே 36 வருடம். 2016இல் அமெரிக்காவில் ஒளிந்து வாழ்ந்த முன்னாள் அதிகாரி ஒருவரே பொறுப்பு என்று அங்குள்ள ஜூரிகள் தீர்ப்புச் சொல்லி, 28 மில்லியன் டொலர் நட்டஈடு விதித்தார்கள். 2018இல் சிலி நீதிமன்றம் முன்னாள் இராணுவத்தினருக்குச் சிறைத்தண்டனை கொடுத்தது. 2023 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர், 86 வயதுக்காரர், பொலிஸ் கைது செய்ய வந்தபோது தற்கொலை செய்துகொண்டார். ஜோன் தீர்ப்பைக் காதால் கேட்டார். அதே வருடம் நவம்பர் 12ஆம் திகதி 96 வயதில் காலமானார். அமெரிக்காவில் இருந்த அந்த அதிகாரியைச் சிலிக்குத் திருப்பி அனுப்பியது அடுத்த மாதம்தான். அதைப் பார்க்க அந்த அம்மா இல்லை.

கொல்லப்பட்ட அந்த உள்ளரங்கத்துக்கு இன்று விக்தர் ஹாராவின் பெயர். 2019 ஒக்டோபரில் சிலியில் விலைவாசிக்கும் ஏற்றத்தாழ்வுக்கும் எதிராக மக்கள் திரண்டபோது, நிம்மதியாக வாழும் உரிமை பற்றி அவர் 1971இல் வியட்நாம் மக்களுக்காகப் பாடிய பாட்டைத் தெருவெல்லாம் கிட்டாரோடு நின்று பாடினார்கள். பாடியவர்களில் பாதிப் பேர் அவர் செத்த பிறகு பிறந்தவர்கள்.

இரண்டாமவரைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஜோ ஹில். விக்தருக்கு ஐம்பது வருடம் முந்தியவர். 1879இல் சுவீடனில் பிறந்தவர். தகப்பன் ரயில்வேத் தொழிலாளி, வேலையில் அடிபட்டு இறந்தார். பிள்ளைகள் படிப்பை விட்டு வேலைக்குப் போனார்கள். 1902இல் தாயும் இறந்த பிறகு பிழைப்புத் தேடி அமெரிக்கா போனார். அங்கே துறைமுகம், வயல் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். 'உலகத் தொழிற்றுறைத் தொழிலாளர்' என்ற சங்கத்தில் சேர்ந்தார். அந்தச் சங்கம் சட்டைப்பையில் அடங்கும் சிவப்பு அட்டைப் பாட்டுப் புத்தகம் ஒன்று போட்டுவந்தது. அதில் ஜோவின் பாட்டுகள் பிரபலம்.

அவருடைய உபாயம் எளிது. பெரும்பாலும் புதிய மெட்டுப் போடமாட்டார். கோயிலில் பாடுகிற பாட்டின் மெட்டையோ, எல்லோருக்கும் தெரிந்த சினிமா காலத்துக்கு முந்திய மேடைப் பாட்டின் மெட்டையோ எடுத்து, சங்கத்தின் சொல்லை உள்ளே வைப்பார். சங்கக் கூட்டத்தைக் குழப்ப மதப் பிரசாரக்காரர்களின் வாத்தியக் குழு தெருமுனையில் வந்து ஊதினால், அதே மெட்டுக்கு இவர்கள் தங்கள் பாட்டைப் பாடிவிடுவார்கள். வாத்தியக்காரன் கூலியில்லாமல் சங்கத்துக்கு வாசித்த மாதிரி ஆகிவிடும்! வாசிக்கத் தெரியாத தொழிலாளிக்கும், பல பாஷை பேசுகிற கூட்டத்துக்கும் ஒரே நாளில் பாட்டுப் போய்ச் சேர இதைவிட நல்ல வழி கிடையாது.

1914 ஜனவரியில் சோல்ட் லேக் சிட்டியில் ஒரு மளிகைக் கடைக்காரரும் அவர் மகனும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே இரவு ஜோ நெஞ்சில் குண்டுக் காயத்தோடு ஒரு டொக்டரிடம் போனார். ஒரு பெண் விஷயத்தில் வந்த தகராறு என்றார். பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார். கடைசிவரை சொல்லவில்லை. அவர்தான் சுட்டார் என்பதற்கு நேரடிச் சாட்சியம் உருப்படியாக இல்லை. ஆனாலும் மரண தண்டனை. அமெரிக்க ஜனாதிபதி வில்சனே தலையிட்டுக் கேட்டும் அந்த மாநிலம் இறங்கவில்லை. 1915 நவம்பர் 19ஆம் திகதி துப்பாக்கிப் படையின் முன்னால் உட்காரவைத்துச் சுட்டார்கள். வயது 36. கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து 2011இல் வந்த ஓர் ஆராய்ச்சிப் புத்தகம் அந்தப் பெண் பிற்காலத்தில் எழுதிய கடிதத்தை வெளியிட்டது. ஜோவைச் சுட்டது அவருடைய நண்பனே என்பது அந்தக் கடிதத்தின் சாரம். சந்தேகத்தின் பலன் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல நாங்கள் நீதிபதிகள் அல்ல.

சாவதற்கு முன் சங்கத் தலைவருக்கு ஒரு தந்தி அடித்தார். எனக்காக அழுது நேரத்தை வீணாக்காதீர்கள், ஆட்களை அணிதிரட்டுங்கள் என்பது அதன் பொருள். இது உலகம் முழுவதும் தொழிற்சங்க மேடைகளில் சொல்லப்படுகிறது, நாமும் சொல்லியிருக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அவருடைய தோழர்கள் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. நன்றாக அழுதார்கள். சிகாகோவில் நடந்த இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் பல பாஷைகளில் அவர் பாட்டையே பாடிக்கொண்டு நடந்தார்கள். உடலை எரித்து, சாம்பலைச் சின்னச் சின்ன உறைகளில் போட்டுச் சங்கக் கிளைகளுக்கு அனுப்பினார்கள். அவரைக் கொன்ற யூட்டா மாநிலத்துக்கு மட்டும் அனுப்பவில்லை. அங்கே பிணமாகக்கூடக் கிடக்கப் பிடிக்காது என்று அவரே சொல்லிவைத்திருந்தார். ஓர் உறையை 1917இல் தபால் அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். சாம்பலுக்கே பயந்தார்கள். அது அரசாங்க ஆவணக்காப்பகத்தில் தூங்கிக் கிடந்து, 1988இல்தான் சங்கத்திடம் திரும்பி வந்தது.

ஜோ ஹில்லின் தந்தியோடு எங்களுக்கு ஒரு சின்னப் பிணக்கு இருக்கிறது. அழுகை வேறு, அமைப்பு வேறு என்று அவர் பிரித்தார். அப்படிப் பிரிக்க முடியுமா? ஜோன் ஹாரா ஐம்பது வருடம் அழுதார். அந்த அழுகைதான் நாடாவைச் சுமந்தது, மண்டபம் மண்டபமாக ஏறியது, வழக்குப் போட்டது, கொலைகாரர்களைச் சிறைக்கு அனுப்பியது. நம் சாவு வீட்டு ஒப்பாரியைக் கேட்டுப் பாருங்கள். செத்தவரின் உழைப்பு, அவருக்குத் துரை செய்த அநியாயம், கங்காணி வெட்டிய பேர், கொடுக்காமல் விட்ட காசு எல்லாம் அதற்குள் வந்துவிடும். அதைவிட விபரமான முறைப்பாட்டுக் கடிதத்தை எந்தத் தொழில் அதிகாரியிடமும் நாம் கொடுத்ததில்லை.

இனி நம் வீட்டு விஷயம். 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தவர் கோ. நடேசய்யர். தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல் என்று பிடித்துக் கொடுக்கிற காலம். துணி வியாபாரிபோல வேஷம் போட்டு லயத்துக்குள் போனவர் அவர். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அவர் மனைவி மீனாட்சியம்மையைப் பற்றி நாம் பேசுவது குறைவு. கூட்டத்தில் அவர் பாட்டுப் பாடுவார். பாரதியார் பாட்டுகளையும், தானே கட்டிய பாட்டுகளையும் பாடினார். 1939இல் இந்திய வம்சாவளித் தினக்கூலிகளை அரசாங்க வேலைகளிலிருந்து நீக்கிய காலத்தில், நம் ஆட்கள் படும் பாட்டை எழுதி 1940இல் பாட்டுப் புத்தகமாகவே வெளியிட்டார். வாசிக்கத் தெரியாத சனத்துக்குப் பத்திரிகை எவ்வளவு எழுதினாலும் போய்ச் சேராது, பாட்டுப் போய்ச் சேரும் என்று அந்த அம்மா கண்டுகொண்டிருந்தார். ஜோ ஹில்லின் சிவப்பு அட்டைப் புத்தகத்தை வேறு ஒரு கண்டத்தில் சிலாகிக்கிறோம். ஹட்டனில் ஒரு பெண் அதே வேலையைச் செய்ததை நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

பார்ரா சிலியில் செய்ததை இங்கே செய்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. அவரும் ஒரு தொழிற்சங்கவாதி. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கினார். அது இல்லாவிட்டால் நம் பாட்டன் பாட்டி பாடியதில் பெரும்பகுதி அவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும். ஆனால் ஒருவர் ஒரு முறை தொகுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. அதற்குப் பிறகும் பாட்டுப் பிறந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்காக ரோட்டில் உட்கார்ந்தோமே, அப்போது வெயிலில் கூட்டம் கலையாமல் பிடித்துவைத்தது யார்? கொழுந்துக் கூடையோடு வந்து, சினிமா மெட்டில் கம்பனியைக் கேலி செய்து பாடின பெண்கள்தானே? பேச்சாளர் பெயர் பத்திரிகையில் வந்தது. பாடினவர் பெயர் வரவில்லை.

ஆகவே ஒரு வேலை கொடுக்கப்போகிறோம். கேட்ட தலைவருக்கு இதுதான் பதிலும்கூட. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கொப்பி போடுங்கள். காமன் கூத்தில் பாடியவர், பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆடியவர், தப்பு அடித்தவர், ஒப்பாரி சொல்லுகிறவர், போராட்டத்தில் பாட்டுக் கட்டியவர் என்று இருக்கிறவர், இறந்தவர் எல்லோர் பெயரையும் எழுதுங்கள். பெயரைச் சரியாக எழுதுங்கள். பதிவேட்டில் பெயர் பிழையாக விழுந்ததால் அடையாள அட்டைக்கும் சேமலாப நிதிக்கும் அலைந்த சனம் நாம், இதை அதிகம் சொல்ல வேண்டாம். எந்த மலை, எந்த லயம், யாரிடம் படித்தார், எந்த வருடம் இறந்தார் என்பதையும் போடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பாட்டைப் போனில் பதிவு செய்யுங்கள், அவர்களிடமும் வீட்டாரிடமும் கேட்டுவிட்டு. இளைஞர் பிரதிநிதிகள் இதற்குப் பொறுப்பு. சொல்லைத் திருத்தாதீர்கள். கொச்சை என்று வெட்டாதீர்கள். துரையைத் திட்டுகிற வரி வந்தால் அது கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு பிரதி போனிலேயே இருந்தால் போதாது, போன் விழுந்தால் பாட்டும் போய்விடும். ஒன்றைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

மாதர் தலைவிகள் ஒரு விஷயம் கேட்டார்கள். சாவு வீட்டில் ஒப்பாரி சொல்லும்போது போனை நீட்டுவது சரியா என்று. சரியில்லை. துக்கம் கழிந்து, கருமாதி முடிந்த பிறகு போய், சொன்னவரிடமே மெதுவாகக் கேளுங்கள். அவர் விருப்பப்பட்டால் மட்டும்.

நேரம் ஆகிவிட்டது, பஸ்ஸுக்குப் போகிறவர்கள் மணியைப் பார்க்கிறீர்கள். ஒரே ஒரு பாட்டுப் போட்டு முடிக்கிறோம். விக்தர் ஹாரா பாடியது, சின்னப் பாட்டு. பாஷை விளங்காது, கதையைச் சொல்லிவிடுகிறோம். அமந்தா என்று ஒரு பெண். மனுவேல் என்று ஒரு தொழிலாளி. அவருடைய தாய் தகப்பன் பெயரையே வைத்திருக்கிறார். மனுவேலுக்குத் தொழிற்சாலையில் ஐந்து நிமிடம் ஓய்வு. அந்த ஐந்து நிமிடத்தில் அவனைப் பார்க்க மழையில் நனைந்துகொண்டு அவள் ஓடி வருகிறாள், முகமெல்லாம் சிரிப்பு. சங்கு ஊதுகிறது, திரும்ப வேலைக்குப் போக வேண்டும். பிறகு அவன் போராட மலைக்குப் போகிறான். ஐந்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. சங்கு மறுபடி ஊதுகிறது, நிறையப் பேர் வேலைக்குத் திரும்பவில்லை, மனுவேலும் திரும்பவில்லை. கதை அவ்வளவுதான். மழையும் சங்கும் நமக்குத் தெரிந்தவை. பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், தம்பி.